நண்பர்களோடு வெளிநாட்டுச் சுற்றுலா போனால் எல்லா இடத்துக்கும் சேர்ந்தேதான் போக வேண்டுமா?

வேண்டியதில்லை. நீங்கள் கேட்டிருக்கிற விதத்தைப் பார்த்தால், எங்கெங்கே போவது என்று பட்டியல் போடும்போதே மனஸ்தாபம் வந்துவிட்டது போலத் தெரிகிறது. எனக்கு அது போன இடத்தில் வந்தது.

கல்லூரித் தோழிகள் நான்கு பேர் கம்போடியாவுக்குப் போனோம். அங்கோர் கோயில்களுக்குப் பக்கத்து ஊரான சியெம் ரீப்பில் ஐந்து நாள் தங்கல். அங்கோர் வாட் 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்குக் கட்டிய கோயில். அதன் கிழக்குச் சுற்றுமண்டபத்தில் பாற்கடல் கடையும் காட்சியை ஏறக்குறைய 49 மீட்டர் நீளத்துக்குச் செதுக்கியிருக்கிறார்கள். அந்தச் சுவரைப் பார்க்கத்தான் நான் போனேன். புறப்படும் முன்பே இதைத் தோழிகளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் தப்பு.

முதல் நாள் விடிகாலை, மேற்கு வாசல் பக்கக் குளக்கரையில் பெருங்கூட்டத்தோடு நின்று சூரிய உதயம் பார்த்தோம். அப்புறம் உள்ளே ஒரே ஓட்டம். சுவருக்கு முன்னால் போய் நின்று ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. "டுக்டுக் வண்டி காத்திருக்கு, இன்னும் பாயோன் கோயில் போகணும், தா புரோம் கோயில் போகணும், வாடி" என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். தா புரோமில் சுவர்களைக் கவ்விக்கொண்டு நிற்கும் அந்த மரவேர்களைக்கூட நான் மனசு வைத்துப் பார்க்கவில்லை. ராத்திரி அறைக்கு வந்து அழுதேவிட்டேன்.

நாளைக் காலை தனியாகப் போகிறேன் என்றதும் சண்டை. "உனக்கு ஏதாவது ஆனா உங்கம்மாவுக்கு யார் பதில் சொல்றது?" என்றாள் ஒருத்தி. அந்தப் பயம் நியாயமானதுதான். அதனால் முந்தின நாள் வந்த அதே டுக்டுக்காரரையே வரச் சொல்லி, திரும்பும் நேரத்தையும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நாங்கள் எடுத்திருந்தது மூன்று நாள் நுழைவுச் சீட்டு, அப்போது 62 டாலர். அவரவர் படம் போட்டுத் தனித்தனியாகத் தருவார்கள். பத்து நாளுக்குள் எந்த மூன்று நாள் வேண்டுமானாலும் போகலாம். ஆகவே நான் தனியே போனதில் யாருக்கும் ஒரு காசு நஷ்டமில்லை.

கூட்டமெல்லாம் மேற்கே உதயத்துக்கு நின்றது. கிழக்கு மண்டபத்தில் ஆளே இல்லை. தூண்களுக்கு நடுவே வெயில் சாய்வாக வந்து சுவரில் விழுந்தது. இடப்பக்கம் 92 அசுரர்கள், வலப்பக்கம் 88 தேவர்கள், நடுவில் விஷ்ணு, கீழே ஆமை. அடியில் கடல். ஓரத்தில் முழுசாக நீந்துகிற மீன்கள், மத்தை நெருங்க நெருங்கத் துண்டுதுண்டாகிக் கிடக்கின்றன. கடைகிற வேகத்தைச் சிற்பி மீனில் காட்டியிருக்கிறான்! முந்தின நாள் இது என் கண்ணில் படவே இல்லை. இரண்டு மணி நேரம் அங்கேயே இருந்தேன்.

"அப்படியானால் தனியாகவே போயிருக்கலாமே" என்று சிலர் கேட்பார்கள். எனக்கு அவர்களும் வேண்டும். சாயங்காலம் நால்வரும் உட்கார்ந்து பேசிய பேச்சு தனியாகப் போனால் கிடைக்காது. ஐந்து நாளில் ஒரு காலைப் பொழுதைத்தான் எனக்கென்று கேட்டேன். இதைச் சுயநலம் என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன்: பொதுப் பணத்தை நீங்கள் ஒருவரே வைத்துக்கொள்ளாதீர்கள். நான் வைத்திருந்தேன். அங்கே ஓரம் கிழிந்த டாலர் நோட்டை வாங்க மாட்டார்கள். அப்படி ஒரு இருபது டாலர் என் கையில் தங்கிவிட்டது. தினமும் ராத்திரி தூக்கத்தை விட்டுக் கணக்கு எழுதியவள் நான். ஊர் திரும்பியதும் "அந்த இருபது எங்கே?" என்று என்னிடமே கேட்டார்கள். கிழிந்த நோட்டைப் படம் பிடித்து அனுப்ப வேண்டியதாயிற்று. அது இன்னும் வலிக்கிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். டிக்கெட் போடும் முன்பே ஆளுக்கு ஒரு இடத்தைச் சொல்லச் சொல்லுங்கள். அந்த இடத்தில் மட்டும், அவர் போதும் என்கிறவரை யாரும் அவசரப்படுத்தக் கூடாது. அங்கே நிற்கப் பிடிக்காதவர்கள் வேறு எங்காவது போய்விட்டு, சொன்ன நேரத்துக்கு வந்து சேர்ந்துகொள்ளட்டும்.