மதிப்பெண் 4.2, தயாரிப்போ எட்டு மாதம் தாமதம்

வணக்கம். மாற்றத்துக்கு ஏற்ப விரைவாக வளைந்துகொடுக்கும் திறனை (அஜைல்) அளக்கும் சுயமதிப்பீட்டுப் படிவத்தில் உங்கள் குழுவுக்கு 5-க்கு 4.2 வந்தும் புதிய கருவி எட்டு மாதம் தள்ளிப்போனது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். கோளாறு படிவத்தில்தான். "மாற்றத்தை வரவேற்கிறீர்களா?" என்று கேட்டால் இல்லை என்று யார் டிக் அடிப்பார்கள்?

கருத்துகளை விடுங்கள், தேதிகளை எடுங்கள். கடைசியாக நடந்த ஐந்தாறு வடிவமைப்பு மாற்றங்கள் போதும். ஒவ்வொன்றிலும் சிக்கல் தெரிந்த நாள், முடிவெடுத்த நாள், வேலை தொடங்கிய நாள், திருத்திய மாதிரி பயனர் கைக்குப் போன நாள். இடைவெளிகளைக் கூட்டிப் பாருங்கள். வேலை செய்த நாட்களைவிட ஒப்புதலுக்கும் உதிரிபாகத்துக்கும் காத்திருந்த நாட்களே பெரும்பாலும் அதிகம் இருக்கும். எந்த இடைவெளி மிக நீளமோ, முதலில் அங்கே கை வையுங்கள்.

இன்னொன்று: அஜைல் முறைக்கு அடிப்படையாக 2001-இல் 17 பேர் எழுதிய அஜைல் அறிக்கை (Agile Manifesto) மென்பொருளுக்கானது. உங்களுடையது வன்பொருள், பாகங்களை வார்க்கும் அச்சைச் செய்தபின் ஒரு துளையை நகர்த்துவதுகூடச் செலவு. அதனால் எந்தெந்த முடிவுகளை எவ்வளவு தாமதமாக உறுதிசெய்ய முடிகிறது என்பதையும் குறித்துவையுங்கள்.

ஸ்பிரின்ட் வேகத்தை, அதாவது ஒரு குறுகிய வேலைச் சுற்றில் குழு முடிக்கும் வேலைக்கான புள்ளிகளை, மற்ற குழுக்களோடு ஒப்பிட மட்டும் மேலாளரை விடாதீர்கள். ஒவ்வொரு குழுவின் புள்ளியும் வேறு அளவு. எண்ணை ஏற்றிக் காட்டுவதும் சுலபம்.

தேதிகள் கிடைத்ததும் இங்கேயே போடுங்கள், பார்க்கலாம்.