லினக்ஸில் திங்க்பேட் விசிறியின் வேகத்தை வெப்பத்துக்கு ஏற்பத் தானாக மாற்றுவது எப்படி?

உபுண்டு என்ற லினக்ஸ் வகையைப் போட்ட திங்க்பேட் லேப்டாப்பில் சும்மா இருக்கும்போதே விசிறி இரைகிறது, சூட்டைப் பொறுத்து வேகம் தானாக மாற வழியுண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஆனால் முதலில் காற்றுத் துவாரத்தில் தூசி அடைத்திருக்கிறதா பாருங்கள். அடைத்திருந்தால் எந்த மென்பொருளும் கைகொடுக்காது.

திங்க்பேடுக்கு ஏற்றது திங்க்ஃபேன் (thinkfan) என்ற விசிறிக் கட்டுப்பாட்டு மென்பொருள். பாதுகாப்புக்காக லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் விசிறிக் கட்டுப்பாட்டைப் பூட்டியே வைத்திருக்கும். திங்க்பேட் வன்பொருளைக் கையாளும் கர்னல் பகுதியான திங்க்பேட் ஏசிபிஐ (thinkpad_acpi) மாட்யூலில் 'ஃபேன் கன்ட்ரோல்' (fan_control) மதிப்பை 1 ஆக்கி ரீபூட் செய்தால் திறந்துவிடும். அப்புறம் திங்க்ஃபேனின் கான்ஃபிக் கோப்பில் 0 முதல் 7 வரையான வேக நிலைகளுக்கு வெப்ப எல்லைகளை எழுதுங்கள்.

இங்கேதான் கவனம் வேண்டும். அடுத்தடுத்த எல்லைகள் கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று படியவேண்டும். 55 டிகிரியில் நிலை 2க்கு ஏறினால், 50க்குக் கீழே வந்தபிறகே நிலை 1க்கு இறங்கட்டும். இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தால் விசிறி ஓயாமல் ஏறி இறங்கி உயிரை வாங்கும். உச்ச வெப்பத்துக்கு 7ஐ நம்பாமல் 'ஃபுல் ஸ்பீடு' என்றே போடுங்கள், அது 7ஐவிட வேகம்.

வேறு கம்பெனி லேப்டாப் என்றால் வெப்பத்தை அளக்கும் எல்எம் சென்சார்ஸ் (lm-sensors), விசிறி வேகத்தை மாற்றும் ஃபேன்கன்ட்ரோல் (fancontrol) ஆகிய இரண்டு மென்பொருள்களையும் முயலலாம். ஆனால் பல லேப்டாப்கள் விசிறியை லினக்ஸின் கையில் கொடுப்பதே இல்லை. அப்படியானால் என்பிஎஃப்சி லினக்ஸ் (nbfc-linux) என்ற லேப்டாப் விசிறிக் கட்டுப்பாட்டு மென்பொருள் உங்கள் மாடலை ஆதரிக்கிறதா என்று பாருங்கள்.