பிளாப்பி டிரைவில் சிக்கிய டிஸ்க்

அப்பாவின் கடைக் கணக்கு இருக்கும் பிளாப்பி (பழைய கம்ப்யூட்டர் சேமிப்பு டிஸ்க்) டிரைவ் உள்ளே மாட்டிக்கொண்டது, பட்டனை அழுத்தினால் பாதிதான் வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து குறடு வைத்து இழுக்காதீர்கள். 3.5 அங்குல டிஸ்க்கில் பெரும்பாலும் அந்தத் தகர மூடிதான் வளைந்து, டிஸ்க்கைப் படித்து எழுதும் மேல் ஹெட்டில் கொளுவியிருக்கும். அந்த ஹெட் மெல்லிய ஸ்பிரிங் தகட்டில் நிற்கிறது. வெடுக்கென்று இழுத்தால் பிய்ந்துவிடும், அப்புறம் வேறு டிரைவ்தான் தேட வேண்டும்.

பவரை அணைத்து, கேபிள்களைப் பிடுங்கி, டிரைவைக் கழற்றி அதன் மேல் தகட்டை எடுங்கள். எங்கே மாட்டியிருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும். மேல் ஹெட்டின் கையை மயிரிழை அளவுக்கு மட்டும் தூக்கி, வளைந்த மூடியைப் பிளாஸ்டிக் பட்டையால் அமுக்கிக்கொண்டே டிஸ்க்கை மெதுவாக வெளியே நகர்த்துங்கள்.

அப்படியே ஹெட்டுகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நார் உதிராத துணியால் துடைத்துவிடுங்கள். ஹெட் நகரும் கம்பியில் பழைய கிரீஸ் இறுகியிருந்தால் வழித்துவிட்டுத் துளி புது கிரீஸ் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம்.

உங்கள் ஊர் புளியரை என்கிறீர்கள். செங்கோட்டையில் எங்களுக்கும் அதே சாரல்தான். ஆனி, ஆடி ஈரத்தில் டிஸ்க்கில் பூஞ்சை பிடிக்கும். மூடியை விலக்கிப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் எந்த டிரைவிலும் போடாதீர்கள், ஹெட்டும் கெடும், கணக்கும் போகும். சுத்தமாக இருந்தால், வேண்டாத டிஸ்க் ஒன்றைப் போட்டுச் சோதித்த பிறகு, கணக்கு டிஸ்க்கின் மூலையிலுள்ள சின்னத் துளையைத் திறந்துவைத்து, எழுத முடியாதபடி செய்துவிட்டுக் காப்பி எடுங்கள்.