கடல் அமிலமாவதால் சிப்பிகளின் ஓடு கரைந்துவிடுமா?

"வினிகரில் போட்ட ஓடு கரைவதைப் போலவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சோதனையை நானும் என் மகளுக்குச் செய்து காட்டியிருக்கிறேன். கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சலை ஒரு டம்ளர் வினிகரில் போட்டோம். ஓட்டைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பியது. மறுநாள் விரலால் அழுத்தியதும் நொறுங்கியது. ஆனால் கடலில் முதலில் நடப்பது வேறு.

கடல்நீர் இன்னும் அமிலமாகிவிடவில்லை, காரத்தன்மையோடுதான் இருக்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 8.2 ஆக இருந்த மேற்பரப்பு நீரின் பிஎச் (அமில-கார அளவு; எண் இறங்கினால் அமிலத்தன்மை ஏறுகிறது) இப்போது 8.1 அளவில் இருக்கிறது. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் அமிலத்தன்மைக்குக் காரணமான ஹைட்ரஜன் அயனிகள் கிட்டத்தட்ட 30 சதவீதம் கூடிவிட்டன. நாம் வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல் வாங்கிக்கொள்வதால் வந்த வினை இது. அந்த அயனிகள் நீரிலுள்ள கார்பனேட்டைப் பிடித்துக்கொள்கின்றன. சிப்பி ஓடு கட்டுவதற்கான சரக்கே அந்தக் கார்பனேட்தான்.

அமெரிக்காவில் ஓரிகான் மாநிலத்தின் நெட்டார்ட்ஸ் விரிகுடாவில் விஸ்கி க்ரீக் என்றொரு சிப்பிக் குஞ்சுப் பண்ணை இருக்கிறது. 2007, 2008-ல் அங்கே தொட்டி தொட்டியாகக் குஞ்சுகள் செத்தன. முதலில் பாக்டீரியாவைச் சந்தேகித்தார்கள். அதற்கு வழி செய்தும் சாவு நிற்கவில்லை. கடைசியில் காரணம் தண்ணீரிலேயே இருந்தது. கோடையில் வடக்கிலிருந்து காற்று பலமாக வீசும்போது ஆழத்துக் குளிர்நீர் மேலே வரும். அதில் இயல்பாகவே கார்பன் டை ஆக்சைடு அதிகம், நாம் சேர்த்ததும் அதன்மேல் ஏறிக்கொண்டது.

ஏன் குஞ்சுகள் மட்டும்? பசிபிக் சிப்பியின் முட்டை கருவுற்ற 48 மணி நேரத்துக்குள் குஞ்சு தன் முதல் ஓட்டைக் கட்டியாக வேண்டும். அப்போது அதன் உடல் எடையில் சுமார் 90 சதவீதம் ஓடுதான்! அதுவரை தானாக இரை தின்ன முடியாது. முட்டையில் தாய் வைத்த கொழுப்புதான் அதற்குக் கட்டுச்சோறு. கார்பனேட் குறைந்த நீரில் ஓடு கட்டவே அந்தச் சோறு தீர்ந்துவிடுகிறது. அதாவது ஓடு கரைந்து சாவதில்லை, ஓடு கட்டிக் களைத்துச் சாகிறது. இதைப் படித்த அன்று மனசு கஷ்டமாகிவிட்டது.

பண்ணைக்காரர்கள் தொட்டி நீரில் சோடியம் கார்பனேட், அதாவது நம் சலவை சோடா, கலந்து சமாளித்தார்கள். தண்ணீர் எடுக்கும் நேரத்தையும் பார்த்துப் பார்த்து மாற்றினார்கள். பண்ணை பிழைத்தது. திறந்த கடலில் இருக்கும் குஞ்சுகளுக்கு யார் கலப்பது?

எல்லா ஓட்டு உயிர்களும் ஒரே மாதிரி பாதிக்கப்படுவதில்லை. ஆய்வகச் சோதனைகளில் சில நண்டுகள் தாக்குப்பிடித்திருக்கின்றன. ஆனால் நீங்கள் கேட்ட அந்தக் கரைதலும் ஓரிடத்தில் உண்மைதான். கடல் பட்டாம்பூச்சி என்று ஒரு நத்தை இருக்கிறது. பயறளவு உடம்பு, கண்ணாடி போன்ற மெல்லிய ஓடு, சிறகு போன்ற இரண்டு மடல்களை அடித்து நீந்தும். அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள தென்பெருங்கடலில் பிடித்தவற்றை நுண்ணோக்கியில் பார்த்தபோது, உயிரோடு நீந்திக்கொண்டிருந்தவற்றின் ஓட்டிலேயே அரிப்பு தெரிந்தது.