புகையில் ஓடினால் உடலின் புரதங்கள் கெடுமா?

கேள்வி: தினமும் மாலையில் பெரிய சாலையோரமாக ஒரு மணி நேரம் ஓடுகிறேன். காற்று மாசு உடலின் புரதங்களையே மாற்றிவிடும் என்று படித்தேன். உண்மையா? வைட்டமின் சி மாத்திரையும் புரோட்டீன் பவுடரும் எடுத்துக்கொண்டால் சரியாகிவிடுமா?

பதில்: படித்தது உண்மைதான். புரோட்டீன் பவுடரை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது குடலில் புரதத்தின் கட்டுமானத் துண்டுகளான அமினோ அமிலங்களாக உடைந்துவிடும். நுரையீரலில் கெட்டுப்போன புரதத்தின் இடத்தில் நேராகப் போய் உட்காராது.

மூச்சுப்பாதையின் உள்பரப்பில் மெல்லிய திரவப் படலம் ஒன்று உண்டு. வாகனப் புகையும் வெயிலும் சேர்ந்து தரைமட்டத்தில் உருவாக்கும் ஓசோன் வாயு உள்ளே வரும்போது அதை முதலில் எதிர்கொள்வது அதிலுள்ள வைட்டமின் சி, யூரிக் அமிலம், குளுட்டத்தயோன் ஆகியவை. அவற்றைத் தாண்டும் பங்கு கொழுப்பையும் புரதத்தையும் தாக்குகிறது. ஓசோன் புரதத்திலுள்ள டைரோசின் என்ற அமினோ அமிலத்தைச் சீண்டிவிட, வாகனப் புகையின் நைட்ரஜன் டை ஆக்சைடு அதில் ஒட்டிக்கொள்ளும். பிர்ச் மர மகரந்தப் புரதம் இப்படி மாறினால் ஒவ்வாமையை இன்னும் அதிகமாகத் தூண்டுகிறது என்று ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள்.

எனக்கு அதிகம் கவலை தருவது வேறொன்று. நுண்துகள்கள் நுரையீரலில் படிந்தால் வெள்ளணுக்கள் திரண்டு வந்து எலாஸ்டேஸ் என்ற நொதியைக் கொட்டுகின்றன. அது நுரையீரல் திசுவையே அரிக்கக்கூடியது. அதைப் பிடித்து முடக்குவது கல்லீரல் செய்து அனுப்பும் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் (சுருக்கமாக ஆல்ஃபா-1) என்ற புரதம். இதன் அமினோ அமிலச் சங்கிலியில் 358ஆம் இடத்தில் இருக்கும் மெத்தியோனின்தான் பிடிப்புக்கு உயிர்நாடி. புகையோ, வெள்ளணுக்களே உமிழும் வேதிப்பொருள்களோ அந்த ஓர் இடத்தை ஆக்சிஜனேற்றம் செய்துவிட்டால் பிடி தளர்ந்துவிடும். கெட்டுப்போன ஆல்ஃபா-1க்குப் பதில் புதியது சில நாளில் வந்துவிடும். ஆனால் நுரையீரலை ரப்பர் போல விரிந்து சுருங்கவைக்கும் எலாஸ்டின் என்ற புரதம் அப்படியல்ல; எலாஸ்டேஸ் அரிப்பது இதைத்தான். வளர்ந்தவர் உடலில் அது பெரும்பாலும் புதிதாக உருவாவதில்லை. அரிபட்டால் அரிபட்டதுதான். பல ஆண்டு புகைப்பவர்களுக்கு எம்பிசீமா (நுரையீரலின் காற்றுப் பைகள் சிதையும் நோய்) வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கார்பன் மோனாக்சைடு கதை வேறு. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அது ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். ஆனால் புரதம் கெடுவதில்லை; சுத்தமான காற்றில் 4, 5 மணி நேரத்தில் பாதி வெளியேறிவிடும்.

சரி, என்ன செய்யலாம்? வைட்டமின் சி சாப்பாட்டிலேயே போதிய அளவு கிடைத்தால் மாத்திரையால் பெரிய பலன் இல்லை; அதை நம்பி அதே சாலையில் ஓடாதீர்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்று இழுக்கும் நுரையீரல், வேகமாக ஓடும்போது 60 லிட்டரையும் தாண்டும். மாசும் அதே விகிதத்தில் உள்ளே போகும். சாலையிலிருந்து இருநூறு, முந்நூறு மீட்டர் தள்ளிப் போனாலே வாகனப் புகை நன்றாகக் குறையும். வெயில் நாளில் ஓசோன் பிற்பகலில் உச்சத்துக்குப் போய் மாலையிலும் நீடிப்பதால், காலை நேரம் மேல். பனிமூட்டமாகப் புகை தேங்கி நிற்கும் காலையில் மட்டும் வீட்டுக்குள்ளேயே உடற்பயிற்சி செய்யுங்கள். என்95 முகக்கவசம் துகளைத் தடுக்கும், வாயுக்களை விட்டுவிடும். அப்புறம், அதை மாட்டிக்கொண்டு ஓடுவதும் எளிதல்ல.

குடும்பத்தில் யாருக்காவது இளம் வயதிலேயே எம்பிசீமா வந்திருந்தால் ஆல்ஃபா-1 அளவை ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடுங்கள். பிறவியிலேயே அது குறைவாக இருப்பவர்கள் உண்டு. அப்படியென்றால் சாலையோர ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள்.