பெரியப்பாவின் வசனம்

வணக்கம்,

பெரம்பூரில் இருக்கிறோம். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம், ஆனால் இப்போது வீட்டார் இன்னொரு சபைக்கும் போகிறார்கள். அங்கே ஞாயிறுதோறும் இஸ்ரேலுக்காக ஜெபம். காஸாவில் குழந்தைகள் சாகிறார்களே என்று கேட்டதற்கு, பெரியப்பா ஆதியாகமம் 12:3-ஐ வாசித்து, இஸ்ரேலைக் குறை சொன்னால் சாபம் வரும் என்றார். சபைதான் இனி இஸ்ரவேல், யூதர்களுக்குச் சொன்னதெல்லாம் முடிந்துபோனது என்கிறான் என் நண்பன். அவன் சொல்வதை ஏற்றுக்கொண்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் அல்லவா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தீராது. நண்பரிடம் அப்புறம் வருகிறேன். முதலில் பெரியப்பா.

அவர் வாசித்த வசனம் ஆபிராம் என்ற ஒருவரிடம், யூதர்களின் முற்பிதாவிடம், சொன்னது. உன்னை ஆசீர்வதிக்கிறவர்களை ஆசீர்வதிப்பேன், உன்னைச் சபிக்கிறவனைச் சபிப்பேன் என்று தொடங்கி, “பூமியிலுள்ள வம்சங்களெல்லாம் உனக்குள் ஆசீர்வதிக்கப்படும்” என்று முடிகிறது. பிரசங்கங்களில் பெரும்பாலும் அதுவரை போகமாட்டார்கள். அங்கிருந்து 1948 மே 14-ல் அறிவிக்கப்பட்ட ஓர் அரசுக்கும் அதன் ராணுவத்துக்கும் வந்து சேர, நடுவில் ஒரு விளக்கம் தேவை. அந்த விளக்கம் இன்றைய வடிவத்துக்கு வந்தது 19-ஆம் நூற்றாண்டில்தான். அயர்லாந்தின் ஆங்கிலிக்கன் சபையிலிருந்து வெளியேறிய ஜான் நெல்சன் டார்பி, சபைக்கு ஒரு தேவதிட்டம், யூதர்களுக்கு வேறொரு திட்டம் என்று பிரித்தார். நம் கன்வென்ஷன் கூட்டங்களில் கேட்கும் இரகசிய வருகை (விசுவாசிகளை இயேசு மறைவாக எடுத்துக்கொள்வது), அதன்பின் பூமிக்கு வரும் உபத்திரவ காலம் என்கிற வரிசை பெரிதும் அவர் வழி வந்தது. 1909-ல் அமெரிக்கரான ஸ்கோஃபீல்ட் அதைக் குறிப்புகளாக வேதாகமத்துக்குள்ளேயே அச்சிட்டார். எது மோசே, எது ஸ்கோஃபீல்ட் என்று வாசிக்கிறவருக்குப் பிரித்துப் பார்க்கவே தோன்றாது. இயேசு உவமையில் சொன்ன அத்திமரம் இஸ்ரேல்தான், அது துளிர்த்தது 1948, ஒரு சந்ததிக்கு 40 வருடம், ஆக 1988-ல் இயேசுவின் வருகை என்று கணக்குப் போட்டவர்களும் உண்டு. 1988 வந்தது, போனது. கணக்கை மாற்றிக்கொண்டார்கள், விளக்கத்தை அல்ல.

1947 செப்டம்பர் 27-ல் நம் கதீட்ரல் சாலை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் உருவானது தென்னிந்தியத் திருச்சபை. அது ஏற்றுக்கொண்ட அப்போஸ்தலர், நிசேயா விசுவாச அறிக்கைகளில் இதெல்லாம் கிடையாது. இன்று யூடியூப் வழியாக வீட்டுக்குள் வந்துவிடுகிறது, அது வேறு.

இப்போது நண்பர். கிறிஸ்துவினுடையவர்களே ஆபிரகாமின் சந்ததி என்கிற கலாத்தியர் 3:29 அவருக்குக் கைகொடுக்கும். ஆனால் தேவன் யூதர்களைக் கைவிட்டார் என்ற எண்ணம் ஐரோப்பாவில் எங்கே கொண்டுபோய் விட்டது என்று அவர் பார்க்கவேண்டும். 1543-ல் லூத்தர் யூதர்களின் ஜெப ஆலயங்களைக் கொளுத்தச் சொல்லி எழுதினார். நாஜிகள் அந்த எழுத்தைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டார்கள். யூதர்களைச் சபிக்கப்பட்டவர்களாகக் காட்டக்கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபை சங்கம் கூட்டி அறிவிக்க 1965 ஆனது. இத்தனைக்கும் தேவன் தம் ஜனங்களைத் தள்ளிவிட்டாரோ என்று கேட்டு, “தள்ளிவிடவில்லையே” என்று ரோமர் 11-ல் பவுலே பதிலும் சொல்லியிருக்கிறார்.

எனக்கு இந்த விவாதத்துக்குள்ளேயே போகவேண்டியதில்லை என்று படுகிறது. பெரியப்பா சொல்வதையே ஒப்புக்கொள்ளுங்கள்: அந்த ஜனம் தெரிந்துகொள்ளப்பட்டது, அந்த நிலம் தேவன் கொடுத்தது. சரி, 1 இராஜாக்கள் 21-ஐத் திறக்கச் சொல்லுங்கள். ஆகாப், இஸ்ரவேலின் ராஜா. நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைக் கீரைக்கொல்லை ஆக்க ஆசைப்படுகிறான். பிதாக்களின் சுதந்தரத்தைத் தரமாட்டேன் என்கிறார் நாபோத். பொய்ச்சாட்சி, கல்லெறி, கொலை. தோட்டத்தை எடுத்துக்கொள்ள ஆகாப் போகும்போது தீர்க்கதரிசி எலியா எதிரே வந்து நிற்கிறார்: கொலையும் செய்து எடுத்தும் கொண்டாயோ? இஸ்ரவேலைக் கண்டித்ததற்காக எலியாவுக்குச் சாபம் வந்ததா? அதற்கு முன்பே அவரை இஸ்ரவேலைக் கலங்கப்பண்ணுகிறவன் என்று திட்டியவன் அந்த ஆகாப்தான். நிலமே மனிதருடையது அல்ல, நீங்கள் பரதேசிகள் என்று லேவியராகமம் 25:23 சொல்வதையும் சேர்த்து வாசிக்கலாம். எலியாவின் கேள்வி 2023 அக்டோபர் 7-க்காக ஹமாஸையும் விடாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்குப் பெத்லகேமின் லுத்தரன் ஆலயத்தில் குழந்தை இயேசுவை இடிபாடுகளுக்கு நடுவே கிடத்திக் குடில் வைத்தார்கள். அவர்களும் இதே வேதாகமத்தை வாசிக்கிற பாலஸ்தீனக் கிறிஸ்தவர்கள். நம் ஜெபங்களில் அவர்கள் பெயர் வருவதேயில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

சபையில் ஜெபம் நடக்கும்போது எழுந்து போகவேண்டாம். சங்கீதம் 122 எருசலேமின் சமாதானத்துக்காகத்தான் வேண்டச் சொல்கிறது. பெத்லகேம் சபைகளையும் காஸாவையும் சேர்த்து ஜெபிக்க முடியுமா என்று பாஸ்டரிடம் கேட்டுப் பாருங்கள். நாபோத்தைப் பற்றிப் பெரியப்பா என்ன சொன்னார் என்றும் எழுதுங்கள்.