கேளுங்கள், சொல்கிறேன்: அலமாரியில் உறங்கும் லூப்பர்கள்

கேள்வி: இசைக்கருவிக் கடை நடத்துகிறேன். வாசித்ததைப் பதிந்து உடனே சுழற்றித் தரும் லூப் பெடல்களைக் கிட்டார் வாசிக்கும் பையன்கள் மட்டுமே கேட்கிறார்கள். மற்றவர்களிடம் எப்படி விற்பது? (ஒரு வாசகர், கோவை)

பதில்: முதலில் கண்ணாடி அலமாரியிலிருந்து அதை வெளியே எடுங்கள். மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெட்டிமேல் அச்சடித்த வசனங்களை நம்பி நாங்கள் எதையும் வாங்கியதில்லை.

1990களில் எக்கோபிளெக்ஸ் டிஜிட்டல் புரோ என்றொரு லூப் கருவி இருந்தது. ரேக்கில் பொருத்தும் பெட்டி. தரையில் தனியாக ஒரு கால்பலகை. ரெக்கார்டு, ஓவர்டப், மல்டிபிளை, இன்சர்ட், அன்டூ என்றெல்லாம் மொத்தம் ஏழு பொத்தான்கள். விஷயம் தெரிந்தவர்கள் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். மற்றவர்கள் பொத்தான்களின் பெயரைப் படித்ததுமே நழுவியிருப்பார்கள். பின்னாளில் டிசி எலெக்ட்ரானிக்கின் டிட்டோ ஒரே குமிழ், ஒரே மிதியுடன் வந்தது. மிதித்தால் பதியும்; மறுபடி மிதித்தால் சுழலும்; இன்னொரு மிதிக்கு மேலடுக்கு ஏறும்; அழுத்திப் பிடித்தால் கடைசி அடுக்கு அழியும். பாட்டு வாத்தியாருக்குக்கூட ஒரு நிமிடத்தில் புரிய வைக்கலாம்.

வாசித்துக் காட்டுவதற்கு ஈடான விளம்பரம் இல்லை. 2004இல் பிபிசியின் ஜூல்ஸ் ஹாலண்ட் இசை நிகழ்ச்சிக்கு ராப் பாடகர் நாஸ் வர முடியாமல் போக, பாடகி கே.டி. டன்ஸ்டால் கடைசி நேரத்தில் அழைக்கப்பட்டார். ஒரு கிட்டார், ஓர் அகாய் ஹெட்ரஷ் பெடல். தாளத்தையும் பின்னணிக் குரலையும் பார்வையாளர் கண்ணெதிரே அடுக்கிவிட்டுப் பாடினார். அந்த ஒரு பாட்டிலேயே பெயர் வாங்கிவிட்டார்.

உங்கள் கடைக்கு மிருதங்கம் வார் பிடிக்க வருபவரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம், அதாவது ஒரு முழுச் சுற்று, வாசிக்கச் சொல்லிப் பதியுங்கள். அதன்மேல் அவரே கோர்வை வாசிக்கட்டும். இடத்தில் வந்து விழுகிறதா இல்லையா என்று பெடல் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடும். ஒன்று மட்டும் கவனம்: இரண்டாவது மிதி சரியாகச் சமத்தில், அதாவது அடுத்த ஆவர்த்தனம் தொடங்கும் இடத்தில், விழ வேண்டும். இம்மி பிசகினால் அந்தப் பிசகு ஒவ்வொரு சுற்றிலும் திரும்ப வரும். வாடிக்கையாளர் முகம் சுளிப்பதும் கருவி திரும்பி வருவதும் பெரும்பாலும் இதனால்தான். ஆகவே முதல் தடவை நீங்களே மிதியுங்கள்.

சிறிய பெடல்களில் மைக்கை நேராகச் செருக முடியாது என்பதையும் பணம் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். இடையில் சிறு மிக்சர் வேண்டும். அல்லது மைக் துளை உள்ள பாஸ் ஆர்.சி.-30 போன்ற பெரிய மாதிரி வேண்டும். மேலடுக்கு ஏற்றும்போது ஹெட்போன் மாட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஒலிபெருக்கியில் சுழலும் பழைய பதிவின் ஒலியும் மைக்கில் புகுந்து எல்லாம் கூழாகிவிடும். அடாப்டரையும் சேர்த்தே விலை சொல்லுங்கள். வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து, அடாப்டர் இல்லை என்று கண்டவர் உங்களை வாழ்த்த மாட்டார்.

கேள்வி: மகள் வயலின் கற்கிறாள். கைப்பேசிச் செயலி இருக்கும்போது இந்தப் பெடல் எதற்கு? (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: சுருதி போட்டுக்கொள்ளச் செயலியே போதும், காசை வீணாக்காதீர்கள். தான் வாசித்ததைச் சுழலவிட்டு அதன்மேல் வாசிக்கும் கட்டம் வரும்போது, வில்லுக்கு ஒரு கை, தந்திக்கு ஒரு கை போக, திரையைத் தொட அவளிடம் இன்னொரு கை இருக்காது. அப்போது வாங்கிக் கொடுங்கள்.